கோடையில் நடந்து பார்த்த ஏரியில் மட்டும் கயாக்கை இறக்குங்கள்

"வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். காற்றடைக்கும் கயாக் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். நீச்சல் ஓரளவு தெரியும். கூட்டமில்லாத, அமைதியான ஏரியில் விடியற்காலையில் தனியாகச் சுற்றி வர ஆசை. எந்த ஏரிக்குப் போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஏரியின் பெயரை. ஆனால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர் தனியாகப் போகலாமா என்பது ஒன்று. காணொளிகளில் பார்க்கும் வெளிநாட்டு ஏரிகளைப் போலத்தான் நம் ஏரியும் இருக்கும் என்று நம்பி இறங்கலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்குமே என் பதில், கூடாது என்பதுதான். அதற்காகக் கயாக்கைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். முறையாகப் போனால் வடாற்காட்டு ஏரிகளைப் போன்ற காலைப்பொழுது வேறெங்கும் கிடைக்காது.

நான் வாலாஜாபேட்டைப் பக்கத்துக்காரன். 11 ஆண்டுகளாகத் துடுப்புப் போடுகிறேன். கற்றது கோவளம் கடற்கரையில், பழகியது பெரும்பாலும் ராணிப்பேட்டை, ஆற்காடு, நெமிலி பக்கத்து ஏரிகளில். தேங்கிய நீரில்தான் எனக்கு அனுபவம். வெள்ளம் ஓடும் ஆற்றில் நான் கயாக் ஓட்டியதில்லை, ஆகையால் பாலாற்றில் தண்ணீர் வரும்போது இறங்கலாமா என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மீட்புப் பயிற்சி பெற்றவனும் இல்லை. இந்த எல்லைக்குள் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏரியின் உடலமைப்பு. இயற்கையான ஏரி கிண்ணம்போல நடுவில் ஆழமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நம் ஏரி அப்படி அல்ல. சரிந்து இறங்கும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கரை போட்டு மழைநீரைத் தடுத்து வைத்ததுதான் ஏரி. ஆழம் கரையை ஒட்டித்தான் இருக்கும். கரைக்கு எதிர்ப்பக்கம், அதாவது உள்வாயின் (ஏரியில் நீர் பரவி நிற்கும் பரப்பின்) கடைசியில், தண்ணீர் முழங்கால் அளவுக்கு மெலிந்து வயலோடும் புல்லோடும் கலந்துவிடும். கரைமேல் நிற்கும் புதியவர் 'ஓரமாகவே போய் வருகிறேன், நடுவுக்குப் போகமாட்டேன்' என்று சொல்லும்போது, அவர் ஏரியிலேயே ஆழமான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

ஆனால் 'உள்வாய்ப் பக்கம் ஆழமில்லை, அங்கேயே இருந்துவிடலாம்' என்ற முடிவும் தவறு. அதற்குக் காரணம் குழிகள். வண்டல் எடுக்கவும், சாலைக்கும் செங்கல்லுக்கும் மண் எடுக்கவும் ஏரிக்குள் இயந்திரத்தை இறக்கித் தோண்டுகிறார்கள். சரிவாக வெட்டாமல் சுவர்போல நிமிர்த்தி வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மழைக்குப் பிறகு அதன்மேல் தண்ணீர் நின்றால் மேலிருந்து எதுவும் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடுவார். ஏரியில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் நாளிதழில் படிக்கிறோமே, அவற்றில் பலவற்றின் பின்னால் இந்தக் குழிகள்தான் இருக்கின்றன. கயாக்கில் உட்கார்ந்திருக்கும்வரை குழி உங்களை ஒன்றும் செய்யாது. 'இங்கே ஆழமில்லை' என்று நம்பி இறங்கித் தள்ளும்போதுதான் ஆபத்து.

அதனால்தான் தலைப்பில் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். எந்த ஏரியில் கயாக் ஓட்டப் போகிறீர்களோ, அதைக் கோடையில், தண்ணீர் வற்றியிருக்கும்போது, நடந்து பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் வடாற்காட்டு ஏரிகள் பலவும் வெடித்த மண்ணாகக் கிடக்கும். குழி எங்கே, பழைய வரப்பு எங்கே, கிணறு எங்கே (சில ஏரிகளுக்குள் கிணறுகளும் உண்டு), மதகுக்கு (பாசனத்துக்கு நீரைத் திறந்துவிடும் வாய்க்கு)ப் போகும் பள்ளம் எது என்று எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். கைப்பேசியில் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போக வாய்ப்பில்லையென்றால் கணினியில் கூகுள் எர்த் நிரலைத் திறந்து, பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வறண்ட ஆண்டொன்றின் மே மாதப் படத்தில் குழிகள் கறுப்புக் கட்டங்களாகத் தெரியும். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு வெட்டிய குழி அதில் இருக்காது. நடந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது.

அடுத்தது முள். உங்களுடையது காற்றடைக்கும் கயாக் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏரி உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட கருவேலமரங்கள் உண்டு. யாரும் நடாமலே பரவிய சீமைக்கருவேலம் அதைவிட அதிகம். ஏரி சில ஆண்டுகள் வறண்டு கிடந்தால் சீமைக்கருவேலம் உள்வாய் முழுவதும் ஏறிவிடும். பிறகு ஒரு நல்ல மழையில் ஏரி நிரம்பினால் அந்த முட்காடு அப்படியே நீருக்குள் நிற்கும். 2021 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி, பல ஏரிகள் நெடுநாளைக்குப் பிறகு நிரம்பின. அடுத்த ஜனவரியில், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏரி ஒன்றில், நண்பரின் காற்றடைத்த கயாக்கை வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன். அதற்கு முந்தைய கோடையில் அந்த ஏரியை நான் நடந்து பார்த்திருக்கவில்லை. ஏறக்குறைய நடு ஏரியில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்த ஒரு கிளை இடது பக்கக் காற்றறையைக் கிழித்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. படகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான்.

வலது அறையும் அடித்தளமும் காற்றோடு இருந்ததால் மூழ்கவில்லை. ஆனால் நேராகச் செலுத்த முடியவில்லை. ஒவ்வொரு துடுப்புக்கும் படகு ஒரு பக்கம் சுற்றியது. அரை மணி நேரம் போராடியும் நூறு அடிகூட நகரவில்லை. தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் கட்டித் தெப்பமாக்கி வலை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து, கயிற்றை வாங்கித் தன் தெப்பத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் திட்டவில்லை. "அதோ அந்தக் கருவேலந்தலை தெரிகிறதே தம்பி, அதற்கு இந்தப் பக்கம் முழுக்க முள். மழைக்கு முன்னால் நாங்கள் ஆடு மேய்த்த இடம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்த ஏரியின் தரை மனப்பாடமாக இருந்தது. எனக்கு நீரின் மேற்பரப்பு மட்டும்தான் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து எந்தப் புது ஏரியானாலும் முதலில் மீன் பிடிப்பவர்களிடம் பேசிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

காற்றடைக்கும் கயாக் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. தனித்தனி அறைகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், எடை குறைவு, பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம். ஆனால் நீருக்கு மேலே ஒரு முள்மர நுனி தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத பத்து மரங்கள் சுற்றிலும் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போங்கள். ஏரிக்குத்தான் என்று முடிவானால், அடுத்த முறை வாங்கும்போது மேலே அமர்ந்து ஓட்டும் கெட்டி பிளாஸ்டிக் கயாக்கை வாங்குங்கள். அதில் உள்ளே நீர் தேங்காது, கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பது நீச்சலைவிட முக்கியம். நம் ஏரிகளின் அடியில் வண்டல் சேறு முழங்காலுக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கிறது. தண்ணீர் மார்பளவுதானே என்று நிற்க முயன்றால் கால் புதையும். ஒரு காலை எடுக்க மற்றொரு காலை ஊன்ற, அதுவும் புதையும். எனவே கவிழ்ந்ததும் நிற்காதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் படகைப் புரட்டுங்கள். நடுப்பகுதியில் இரு கைகளையும் போட்டு, கால்களை உதைத்து உடலை நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, வயிறு படகின் குறுக்கே வரும்வரை இழுத்து ஏறிப் பிறகு புரண்டு உட்காருங்கள். படிக்க எளிதாக இருக்கிறது, முதல் ஐந்து முறை வராது. அந்த ஐந்து முறையும் நீச்சல் குளத்திலோ, தரை தெரிந்த இடுப்பளவு நீரிலோ, பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது நடந்து முடியட்டும். பத்து முறை தொடர்ந்து ஏற வரும்வரை ஏரிக்குப் போகாதீர்கள். கவிழ்ந்தவுடன் படகைக் கைவிடக் கூடாது. காற்றடைத்த படகு லேசானது, காற்றில் நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போய்விடும். இதற்காக உடலோடு கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது கடலுக்குப் பொருந்தும். முள்ளும் வலையும் கிடக்கும் ஏரியில் அந்தக் கயிறே சிக்கிக்கொள்ளும் என்று நான் அஞ்சுகிறேன். இதில் பழகியவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு, என் கட்சி கட்டாமல் இருப்பது.

லைஃப் ஜாக்கெட்டில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. படகில் வைத்திருப்பது போதாது, பட்டையெல்லாம் இறுக்கி அணிந்திருக்க வேண்டும். கயாக்கோடு சேர்த்து விற்கும் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. உங்களைப் போல ஓரளவு தெரிந்தவருக்கு, முகத்தை மேலே திருப்பிப் போட உதவும் 100 நியூட்டன் வகைதான் ஏற்றது. சற்றுப் பருமனாக இருக்கும், பரவாயில்லை. அதில் ஒரு விசில் தொங்கட்டும்.

மதகைப் பற்றி ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நகரத்திலேயே இருந்தவர்களுக்குத் தெரியாது. பாசனத்துக்குத் திறந்திருக்கும்போது, மேலே நீர் கண்ணாடிபோல இருந்தாலும் மதகின் வாயில் அடியில் இழுப்பு இருக்கும். அதனருகே போகவே போகாதீர்கள். கோடி போகும்போது, அதாவது ஏரி நிரம்பிக் கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாக வழியும்போது, ஏரிக்குள்ளேயே இறங்க வேண்டாம். அந்த அழகைக் கரையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் கவனிக்க வேண்டும். நம் பக்கம் நிலம் பொதுவாகக் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கமாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் பகலேற ஏற மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுக்கும். அப்போது படகை அது கரைப்பக்கம், ஆழத்தை நோக்கி, அலையடிக்கும் கற்களை நோக்கித் தள்ளும். புதிதாகத் துடுப்புப் போடுபவர் அமைதியான நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போனால் அதிகம். எதிர்காற்றில் அதில் பாதிகூட வராது. ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். காலை 6 மணிக்கு இறங்கி 9 மணிக்குள் கரையேறிவிடுவது என் வழக்கம். இடி காதில் விழுந்தால் உடனே கரையேறுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி இறங்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட இடங்கள். ஏலகிரியின் புங்கனூர் ஏரி அழகானது, ஆனால் அங்கே படகுத்துறையின் மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும்தான் இடம். துடுப்பைக் கையில் பிடித்துப் பழக 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகலாம், தவறில்லை. வேலூர்க் கோட்டை அகழி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் பகுதி, சொந்தப் படகை அங்கே நினைக்க வேண்டாம். சாத்தனூர் அணை நீரில் முதலைகள் உண்டு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை, ஆந்திர எல்லையில் யானை நடமாடும் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. வனத்துறையைக் கேட்காமல் போகக் கூடாது.

காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. பல்லவர் காலத்தது, நிரம்பினால் ஆழம் 30 அடிக்குமேல், கரை சுமார் 8 கிலோமீட்டர். முதல் ஆண்டில் அது உங்களுக்கு வேண்டாம். காற்று கிளம்பினால் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் உண்மையான அலை எழும். மகேந்திரவாடி ஏரியை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே வயலுக்கு நடுவில் தனிப்பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் அமைத்த திருமால் கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டே, மகேந்திர தடாகத்தின் கரையில் அந்தக் கோயில் குடையப்பட்டது என்று சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் பெயர் வைத்த ஒரு நீர்நிலையில் துடுப்பு நனைகிறது என்ற எண்ணமே எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது. இந்த இரண்டு ஏரிகளுக்கும் வாலாஜா பக்கத்துப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் போகிறது. எனவே உள்ளூர் மழையை மட்டும் பார்த்து நீர்மட்டத்தைக் கணிக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஒரே வாரத்தில் நிலைமை மாறிவிடும்.

ஆனால் தொடங்குவதற்கு நான் சொல்வது இவற்றில் எதையும் அல்ல. உங்களுக்குத் தெரிந்தவர்களின் சொந்த ஊரில், கரையிலிருந்து பார்த்தால் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும் ஒரு சிறிய ஏரியைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தை ஒட்டிய ஏரிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் பலவற்றில் கழிவுநீர் கலக்கிறது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதிகளையும் அப்படியே. காலில் ஆறாத புண் இருந்தால் எந்த ஏரியும் வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே நுழையும். ஏரிக்குப் போய்வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் நீரில் இறங்கியதையும் புதரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதரில் நடப்பவர்களுக்குச் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் நம் வேலூர் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு தெரியலாம். சொன்னால் உடனே பிடித்துவிடுவார்கள், சிகிச்சையும் எளிது.

அனுமதியைப் பொறுத்தவரை, 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. சிறிய ஏரி என்றால் ஊராட்சித் தலைவரையும், பெரிய ஏரி என்றால் பாசனப் பிரிவு அலுவலகத்தையும் கேளுங்கள். நடைமுறையில் அதைவிட முக்கியமானவர் மீன் குத்தகை எடுத்தவர். குத்தகைப் பணம் கட்டிக் குஞ்சு விட்டு வளர்ப்பவருக்கு, விடியற்காலையில் தெரியாத ஒருவர் ஏரிக்குள் சுற்றுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாளே போய்ப் பேசுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவரே காட்டுவார். மிதவைகளின் வரிசையைக் கண்டால் குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள்.

பருவத்தைக் கேட்டால் ஜனவரியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், நீர் தெளிந்திருக்கும், வெயில் இளசாக இருக்கும். அப்போதுதான் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகுக் கிளுவையும் வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும். நாமக்கோழிக் கூட்டத்தை நோக்கி நேராகப் போகாதீர்கள். பறவைகள் மேய்வதை விட்டுத் தலையை நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். துடுப்பை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருங்கள். நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டியிருக்கும் கருவேலமரத் திட்டுகளுக்குப் பக்கமே வேண்டாம். தாய்ப் பறவை பயந்து பறந்தால் குஞ்சு வெயிலில் காயும்.

உங்கள் முதல் ஆறு பயணங்களுக்கும் மற்றொரு படகில் ஒரு துணை இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் கரையில் ஒருவர், கைப்பேசியும் நீளக் கயிறும் காற்று நிரப்பிய லாரி டியூபும் வைத்துக்கொண்டு, நீங்கள் கரையேறும்வரை கண்ணை எடுக்காமல் நிற்கட்டும். கரையேறியதும் படகின் அடியைத் தடவிப் பார்த்து முள்ளை எடுங்கள். ஒட்டியிருக்கும் ஆகாயத்தாமரைத் துணுக்குகளை அங்கேயே வழித்து வெயிலில் போட்டுவிட்டு, படகை நன்றாகக் கழுவிக் காயவைத்து மடியுங்கள். அந்தச் செடியின் சிறு துண்டு போதும், அடுத்து நீங்கள் இறங்கும் ஏரியையும் அது மூடிவிடும்.